பி.ஏ. சைக்காலஜி: பாதிப் பாலம் கட்டிட்டு நிக்காதீங்க

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற மாசங்கள்ல கல்விக்கடன் கேட்டு வர்ற பெற்றோர்களோட கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு காலத்துல எல்லாருக்கும் இன்ஜினியரிங். அப்புறம் நர்சிங். இப்போ வித்துரா மாதிரி பொன்முடி அடிவாரத்து ஊர்லயும் அடிக்கடி காதுல விழற கேள்வி இது: "சார், பொண்ணு சைக்காலஜி படிக்கணும்ங்கறா. காசு போட்டா திரும்பி வருமா?"

நல்ல கேள்வி. ஆனா இதுக்கு "வரும்", "வராது"ன்னு ஒத்தை வார்த்தையில பதில் சொல்றவங்களை நம்பாதீங்க. நான் படிச்சது பி.காம்., பார்க்கிற வேலை வங்கியில. மனசைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லை, கணக்கைப் பத்திப் பேசலாம். கேரளாவுல இருக்கிற தமிழ்க் குடும்பங்களும், இன்னும் தூரத்துல இருக்கிற குடும்பங்களும் மெயில்ல கேட்டதை எல்லாம் சேர்த்து ஒரே பதிவா எழுதிடறேன். கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து, எந்த வங்கியோட கருத்தும் இல்லை. தொகைகள்ல "வச்சுக்குவோம்"னு நான் சொல்றது எல்லாம் உதாரணக் கணக்கு. உங்க கல்லூரிக் கட்டணத்தைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பாருங்க.

முதல்ல பேர்க் குழப்பம்

சைக்கியாட்ரிஸ்ட் வேற, சைக்காலஜிஸ்ட் வேற. முதலாமவர் எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநல மருத்துவத்துல மேற்படிப்பு படிச்ச டாக்டர். மருந்து எழுதுவார். இரண்டாமவர் உளவியல் படிச்சவர். பரிசோதனைகள் செய்வார், பேச்சு வழியா சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். பி.ஏ. சைக்காலஜிக்கு விண்ணப்பம் போட்டுட்டு "பொண்ணு டாக்டராயிடுவா"ன்னு ஊருக்குப் போன் போட்டுச் சொல்ற அப்பாக்கள் இன்னும் இருக்காங்க. அந்தப் போனைத் தயவுசெஞ்சு தள்ளிப் போடுங்க :-)

அடுத்தது இன்னும் முக்கியம். பி.ஏ. அல்லது பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சதும் ஒருத்தர் சைக்காலஜிஸ்ட் ஆகிடறதில்லை. பி.காம். முடிச்சவன் ஆடிட்டர் ஆகிடறதில்லையே, அதே மாதிரிதான். சி.ஏ. பரீட்சை நடுவுல நிக்குது. பி.காமுக்கும் சி.ஏ.வுக்கும் உள்ள வித்தியாசம் நம்ம ஊர்ல எல்லா அப்பாவுக்கும் தெரியும். சைக்காலஜியில அந்த வித்தியாசம் தெரியாததாலதான் பணம் வீணாகுது.

இந்தியாவுல மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்கணும்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும். அந்தக் கவுன்சில் 1992ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. 2017ல நிறைவேறி 2018ல நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்லுது: கவுன்சில் அங்கீகரிச்ச மருத்துவ உளவியல் தகுதி வேணும், அல்லது உளவியல்ல முதுகலையும் அதுக்கு மேல இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் வேணும். அதாவது சாதாரணக் கணக்குல மூணு, இரண்டு, இரண்டு: மொத்தம் ஏழு வருஷம். பதினெட்டு வயசுல சேர்ந்தா இருபத்தஞ்சு ஆகிடும்.

இதுலயும் இப்போ விதிகள் மாறிக்கிட்டே இருக்கு. பல்கலைக்கழக மானியக்குழு 2022 விதிமுறையில எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திட்டாங்க. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் அவகாசம் கொடுத்தாங்க. இன்னொரு பக்கம், மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரத்தோட நாலு வருட பி.எஸ்சி. மருத்துவ உளவியல் ஹானர்ஸ் படிப்பும் வந்திருக்கு. பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜியும் இதுவும் ஒண்ணு இல்லை. அதனால உங்க பிள்ளை சேருற வருஷத்துல நிலைமை என்னன்னு கவுன்சிலோட இணையதளத்துல நீங்களே பார்க்கணும். கல்லூரி அலுவலகத்துல சொல்றதை மட்டும் கேட்டுக்கிட்டுக் கட்டணம் கட்டாதீங்க.

பேப்பரை எடுங்க, கணக்குப் போடுவோம்

ஏழு வருஷப் பாதையை எடுத்துக்குவோம். இளநிலை வருஷத்துக்கு 50,000 ரூபாய், மூணு வருஷம் 1.5 லட்சம். முதுகலை வருஷத்துக்கு 1 லட்சம், இரண்டு வருஷம் 2 லட்சம். தொழிற்பயிற்சிப் படிப்பு வருஷத்துக்கு 2 லட்சம், இரண்டு வருஷம் 4 லட்சம். ஆக கட்டணம் 7.5 லட்சம். கடைசி நாலு வருஷம் வெளியூர்ல விடுதின்னு வச்சுக்குவோம். மாசம் 7,000 வீதம் 48 மாசத்துக்கு 3,36,000.

இங்கே வரைக்கும் எல்லாரும் கணக்குப் போடுவாங்க. விட்டுப்போறது அடுத்த வரிதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏதோ ஒரு டிகிரியை மூணு வருஷத்துல முடிச்சு மாசம் 18,000 சம்பளத்துல வேலைக்குச் சேர்ந்துட்டான்னு வச்சுக்கோங்க. அந்த நாலு வருஷத்துல அவ சம்பாதிச்சது 8,64,000. உங்க பொண்ணு படிச்சுக்கிட்டிருந்ததால விட்டுட்ட பணம் அது. கையை விட்டுப் போகலை, ஆனா கைக்கும் வரலை. அதுவும் செலவுதான்.

மூணையும் கூட்டினா 19.5 லட்சம். எந்த டிகிரி படிச்சிருந்தாலும் ஆகியிருக்கும் இளநிலைச் செலவு 1.5 லட்சத்தைக் கழிச்சிடுங்க. மேற்கொண்டு போட்ட முதல் 18 லட்சம்.

இந்த 18 லட்சம் எப்போ திரும்பும்? படிச்சு முடிச்ச பிறகு, பக்கத்து வீட்டுப் பொண்ணை விட மாசம் 15,000 கூட வாங்கினா வருஷத்துக்கு 1.8 லட்சம். பத்து வருஷம் ஆகும். வயசு முப்பத்தஞ்சு. இதுல வட்டி சேர்க்கலை. அதோட, அந்தப் பொண்ணு இந்த நாலு வருஷத்துல 18,000ல இருந்து 28,000க்குப் போயிருப்பான்னா, உங்க பொண்ணு 43,000ல ஆரம்பிச்சாத்தான் இந்தக் கணக்கே நிக்கும்.

இது பயமுறுத்த இல்லை. டாக்டர் படிப்புக்கும் இதே மாதிரிக் கணக்குதான், அங்கே வருஷமும் பணமும் இன்னும் அதிகம். ஆனா அங்கே பாதை எங்கே முடியும்னு முதல் நாளே குடும்பத்துக்குத் தெரியும். மனசும் தயாரா இருக்கும். சைக்காலஜியில அப்பா மூணு வருஷத்துக்குத் தயாரா இருக்கார், படிப்பு ஏழு வருஷம் கேக்குது. மூணாவது வருஷ முடிவுல வீட்டுல சண்டை. இதுதான் பிரச்சினை.

கடன் எவ்வளவு வாங்கலாம்?

பொதுவான கல்விக்கடன் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராக் கையெழுத்துப் போட்டாப் போதும். 7.5 லட்சத்துக்கு மேல போனா பொதுவா சொத்து ஈடு கேட்பாங்க. படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். இது பல பேருக்குத் தெரியறதில்லை.

இளநிலைப் படிப்புக்கு 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, மூணு சம தவணையா வருஷ ஆரம்பத்துல கல்லூரிக்குப் போகுதுன்னு வச்சுக்குவோம். மூணு வருஷப் படிப்பு, ஒரு வருஷ அவகாசம் முடியும்போது சாதா வட்டியே 1.2 லட்சம் சேர்ந்திருக்கும். அப்போ பாக்கி 5.2 லட்சம். அதைப் பத்து வருஷத்துல அடைக்க மாசத் தவணை சுமார் 6,870 ரூபாய். மொத்தம் கட்டறது 8 லட்சத்தைத் தாண்டும். தவணை பெருசா இருக்கேன்னு பதினஞ்சு வருஷம் கேட்டா தவணை சுமார் 5,590 ஆகக் குறையும், மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டும்.

முதல் சம்பளம் 18,000 வாங்கற பொண்ணு 6,870 தவணை கட்டினா சம்பளத்துல 38 சதவீதம் போச்சு. மீதியில திருவனந்தபுரத்துலயோ சென்னையிலயோ விடுதி வாடகை, சாப்பாடு, பஸ். அதுக்கப்புறம் முதுகலை எங்கே படிக்கிறது?

நான் சொல்ற அளவுகோல் எளிசு. முதல் சம்பளத்துல கால் பங்குக்கு மேல தவணை போகக் கூடாது. 20,000 சம்பளம் எதிர்பார்த்தா தவணை 5,000. பின்னோக்கிக் கணக்குப் போட்டா இளநிலைக்கு வாங்கற கடன் சுமார் 3 லட்சத்தோட நிக்கணும். அதுக்கு மேல கட்டணம் கேக்குற கல்லூரியா? வேற கல்லூரி பாருங்க. இந்தப் படிப்பைப் பொறுத்தவரைக்கும் இளநிலையில கண்ணாடிக் கட்டடத்துக்குக் காசு கொடுக்காதீங்க, காசை முதுகலைக்கு மிச்சம் வைங்க. இங்கே வழுதக்காடு அரசு மகளிர் கல்லூரி, சென்னையில மாநிலக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகள்லயே உளவியல் துறை இருக்கு. இடம் கிடைக்கிறது கஷ்டம்தான், ஆனா முயற்சி அங்கேதான் ஆரம்பிக்கணும்.

மத்திய அரசோட பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு 2024 நவம்பர்ல ஒப்புதல் கிடைச்சது. தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்கள்ல இடம் கிடைச்சா ஈடும் இல்லை, ஜாமீனும் இல்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சம் வரைக்கும் இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுமுறைக் காலத்துல 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்க கல்லூரி அந்தப் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

வெளி மாநிலத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ல இருக்கிற வீட்டையோ நிலத்தையோ ஈடு வச்சு இங்கே கடன் வாங்கணும்னா, வில்லங்கம் பார்க்கிறது, வக்கீல் கருத்து, மதிப்பீடு எல்லாம் அந்த ஊர்லயே நடக்கணும். நாளாகும். கல்லூரி சேர்க்கை தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி பத்திரத்தோட வந்து நின்னா யாராலயும் உதவ முடியாது. தாத்தா பேர்லயே இருக்கிற பத்திரத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம். இன்னொண்ணு: தவணை தவறினா பொண்ணோட சிபில் மட்டும் இல்லை, கூட்டுக் கையெழுத்துப் போட்ட அப்பாவோட சிபிலும் கெடும்.

"எச்.ஆர். போயிடலாமே?"

இப்படி அறிவுரை சொல்ற மாமா எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பார். சில தனியார் கம்பெனிகள் எடுப்பாங்க, உண்மைதான். ஆனா அறிவிப்பைப் படிக்கிற பழக்கம் வேணும். பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தற சிறப்பு அதிகாரித் தேர்வுல எச்.ஆர். பணிக்குக் கேட்கிற முதுகலை என்ன தெரியுமா? பணியாளர் நிர்வாகம், தொழில் உறவு, மனிதவளம், சமூகப்பணி, தொழிலாளர் சட்டம். உளவியல் அந்த வரிசையில இல்லை. எச்.ஆர். தான் இலக்குன்னா சைக்காலஜி இளநிலைக்கு அப்புறம் மனிதவள மேலாண்மையோ எம்.எஸ்.டபிள்யூ.வோ படிக்கணும். பாதை அப்போ வேற.

அதே நேரம் நல்ல செய்தியும் இருக்கு. எந்த டிகிரியா இருந்தாலும் எழுதலாம்ங்கிற தேர்வுகள் எல்லாத்துக்கும் பி.ஏ. சைக்காலஜியும் செல்லும். வங்கி அதிகாரித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். 2024 மார்ச் ஊதிய ஒப்பந்தப்படி அந்த வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 48,480 ரூபாய், படிகள் தனி. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வும் அப்படித்தான். குடிமைப்பணித் தேர்வுல உளவியலை விருப்பப் பாடமா எடுக்கவும் வழி இருக்கு. ஆக, தனியா நிக்கற பி.ஏ. சைக்காலஜியோட விலை மத்த பி.ஏ.க்களோட விலைதான். குறைவும் இல்லை, கூடவும் இல்லை. பி.காம். காரன் நானே சொல்றேன், தேர்வு எழுதற அறையில யாரும் பாடம் என்னன்னு கேட்கறதில்லை.

தமிழ்நாட்டு அரசு வேலை பத்தி யோசிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள்ல தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். இங்கே மலையாளமும் இங்கிலீஷும் படிச்சு வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு அது சும்மா தாண்டற வேலி இல்லை. வீட்டுல தமிழ் எழுதப் பழக்குங்க. அதுக்குச் செலவே இல்லை.

கேரளாவுல படிக்கலாமா, தமிழ்நாட்டுலயா?

கேரளாவுல 2024ல இருந்து இளநிலை நாலு வருஷ முறை. மூணு வருஷத்துல பட்டத்தோட வெளியே வரலாம், நாலாவது வருஷம் இருந்தா ஹானர்ஸ். தமிழ்நாட்டுல மூணு வருஷம்தான். நாலு வருஷ ஹானர்ஸ் முடிச்சா ஒரு வருஷ முதுகலைக்கு மானியக்குழு வழி விட்டிருக்கு. ஆனா நீங்க மனசுல வச்சிருக்கிற பல்கலைக்கழகத்துல அந்த ஒரு வருஷப் படிப்பு நடக்குதான்னு கேட்டுக்குங்க. நடக்கலைன்னா நாலும் இரண்டும் ஆறு.

சலுகை விஷயத்துலயும் கவனம் தேவை. தமிழ்நாட்டுல இருந்து வந்த பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குச் சொந்த மாநில இட ஒதுக்கீடு இங்கே தானா கூட வராது. உச்ச நீதிமன்றம் 1990லயும் மறுபடி 2018லயும் இதைச் சொல்லியாச்சு. ஊர்ல கிடைக்கிற கட்டணச் சலுகை இங்கே கிடைக்காம போகலாம். அந்த வித்தியாசமே சில குடும்பங்களுக்கு எந்த ஊர்க் கல்லூரின்னு தீர்மானிச்சுடும்.

அஞ்சல் வழியில படிச்சுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்துல இருந்து உளவியல் படிப்புக்குத் தொலைநிலையிலயும் ஆன்லைன்லயும் புதுச் சேர்க்கை கூடாதுன்னு மானியக்குழு சொல்லிடுச்சு. 2021ஆம் வருட சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்துக்குள்ள உளவியல் வந்ததால இந்த மாற்றம். வேலை பார்த்துக்கிட்டே வீட்டுல இருந்து எம்.ஏ. சைக்காலஜி முடிக்கலாம்ங்கிற மலிவான வழி மூடியாச்சு. யாராவது இன்னும் அந்த வழியில சேர்த்து விடறோம்னு பணம் கேட்டா அங்கிருந்து எழுந்து வந்துடுங்க. மூணு மாசம், ஆறு மாசம் நடத்தி "சர்டிஃபைட் கவுன்சலர்"னு தாள் கொடுக்கிற இடங்களும் இப்படித்தான். அந்தத் தாளை வச்சு மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு கிடைக்காது.

கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதேதான். இங்கிலாந்துல மருத்துவ உளவியலாளர் ஆக முனைவர் படிப்பு வேணும், ஆனா அந்தப் பயிற்சி இடங்களுக்கு அரசு சுகாதாரத் துறை சம்பளம் கொடுக்குது. அதனாலயே போட்டி கடுமை. ஆஸ்திரேலியாவுல பதிவுக்குக் குறைஞ்சது ஆறு வருஷம். அமெரிக்காவுல உளவியலாளர் உரிமத்துக்குப் பொதுவா முனைவர் பட்டம். இந்த நாடுகள்லயும் மூணு நாலு வருஷப் பட்டத்தோட பலகை மாட்ட முடியாது.

அப்போ யாருமே படிக்க வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரலை. தேவை இருக்கு, மலையளவு இருக்கு. நிம்ஹான்ஸ் 2015-16ல நடத்தின தேசிய மனநல ஆய்வுல, நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல அப்போ ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினையோட இருந்தாங்கன்னு தெரிஞ்சது. கேரளாவும் தமிழ்நாடும் அந்த ஆய்வுல இருந்த மாநிலங்கள். நோயைப் பொறுத்து, சிகிச்சை கிடைக்காதவங்க 70 சதவீதத்துக்கும் மேல. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க தீயில கருகிச் செத்ததை நம்ம தலைமுறை மறக்க முடியாது. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதுக்கு மேல மாணவர்கள் இருக்கிற கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ வைக்கணும்னு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. 

ஆனா ஒண்ணு, தேவை வேற, சம்பளம் வேற. பசி இருக்கிற ஊர்ல எல்லாம் ஓட்டல் நல்லா ஓடறதில்லை, காசும் இருக்கணும். பள்ளி, கல்லூரி ஆலோசகர் வேலைகள் பலதும் ஒப்பந்த வேலை. அந்த ஒப்பந்தத்துல எத்தனை மாசச் சம்பளம், விடுமுறையில உண்டா, பி.எஃப். உண்டா, இதெல்லாம் கேட்டுத்தான் வருமானம் கணக்குப் போடணும். நீதிமன்றம் சொன்னதும் நாளைக்கே எல்லாப் பள்ளியிலயும் நல்ல சம்பளத்துல நாற்காலி போட்டுடுவாங்கன்னு நம்பி கடன் வாங்காதீங்க.

நம்ம பிள்ளைங்க கையில இருக்கிற ஒரு முதலை மட்டும் யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை. அது மொழி. வித்துராவுக்கு மேல போனக்காடு தேயிலைத் தோட்டத்துல தலைமுறை தலைமுறையா இருந்தவங்க தமிழ்க்காரங்க. மூணாறுலயும் அப்படி, பாலக்காட்டு எல்லையிலயும் அப்படி. வேலைக்காகப் பேசற மொழி ஒண்ணு, வீட்டுல அழற மொழி ஒண்ணு. புருஷன் குடிக்கிறதையோ, பையன் கையை அறுத்துக்கிட்டதையோ இரண்டாவது மொழியில யாரும் முழுசாச் சொல்ல மாட்டாங்க. மருந்துக் கடையில கையைக் காட்டி மாத்திரை வாங்கிடலாம், கவுன்சலிங்கை அப்படி வாங்க முடியாது. தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் தடங்கல் இல்லாமப் பேசற ஒரு உளவியலாளர், ஒரே மொழி தெரிஞ்சவரை விட இந்த எல்லை மாவட்டங்கள்ல அதிகம் பயன்படுவார். எந்தக் கல்லூரியும் தர முடியாத தகுதி அது. வீட்டுல சும்மா கிடைச்சது. மத்த படிப்புகளை விட இந்தப் படிப்புக்கு அது அதிகம் உதவும்.

ஒரு கசப்பான விஷயம்

கடன் கேட்டு வர்ற அப்பாக்கள்ல சில பேர் ஒரு வார்த்தை சொல்வாங்க: "பொண்ணுதானே சார், கல்யாணம் வரைக்கும் ஏதோ ஒரு டிகிரி இருக்கட்டும்." பையனுக்கு இன்ஜினியரிங் கடன் கேட்டு வரும்போது இதே அப்பா நாலு கல்லூரி வேலைவாய்ப்புக் கணக்கைக் கேட்டுட்டு வந்திருப்பார். பொண்ணுக்கு மட்டும் விசாரிப்பே கிடையாது.

சைக்காலஜியோட பெரிய நிதி நஷ்டம் இங்கேதான் நடக்குது. மூணு வருஷம் படிக்க விடறோம். அவளும் நல்லாப் படிச்சு முதுகலைக்கு இடம் வாங்கறா. அப்போ "போதும்மா, மாப்பிள்ளை பார்த்தாச்சு"ங்கறோம். ஆத்துல பாதி வரைக்கும் பாலம் கட்டிட்டு நிறுத்தினா, கட்டின பாதிக்கும் மதிப்பு இல்லை. முழுப் பணமும் தண்ணியில. அந்தப் பொண்ணு கையில அக்கரைக்குப் போக முடியாத ஒரு பட்டம், மனசுல ஒரு வடு. கணக்குப் பிள்ளை பார்வையில சொல்றேன், இது அன்புக் குறைவு மட்டும் இல்லை, மோசமான முதலீடும் கூட. மேலே போட்ட கணக்குல முதுகலைக் கட்டணம் 2 லட்சம். இன்னிக்குத் தங்கம் விக்கிற விலையில மூணு பவுன் அதைத் தாண்டிடும். பீரோவுல இருக்கிற மூணு பவுன் மாசாமாசம் சம்பளம் கொண்டு வராது.

மறுபக்கமும் சொல்லணும். "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, பணம் பெருசு இல்லை"ன்னு சொல்ற பெற்றோர் இருக்காங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா இருபத்திரண்டு வயசுல தவணை கட்ட முடியாம வங்கி போன் வரும்போது, பிடிச்ச பாடமே வெறுத்துப் போகும். விலை தெரிஞ்சு வாங்கறதும் அன்புதான்.

சேர்க்கைக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்து பேச வேண்டியது

ஒண்ணு. எதுக்காக இந்தப் படிப்பு? சில பிள்ளைங்க தன்னோட மனக்கஷ்டத்தைப் புரிஞ்சுக்கத்தான் சைக்காலஜி எடுக்கறாங்க. அதுக்கு மூணு வருஷமும் 3 லட்சமும் தேவையில்லை. 14416ங்கிற டெலி மானஸ் எண் 2022ல இருந்து இருக்கு, இலவசம், தமிழ்லயும் பேசலாம். முதல்ல அதுக்குப் பேசட்டும். அப்புறமும் ஆசை இருந்தா அது உண்மையான ஆசை.

இரண்டு. எத்தனை வருஷத்துக்குக் குடும்பம் தயார்? மூணா, அஞ்சா, ஏழா? இதை அப்பா அம்மா இரண்டு பேரும் பிள்ளை முன்னாடி வாயைத் திறந்து சொல்லணும். சொன்ன சொல்லை மாத்தக் கூடாது.

மூணு. அஞ்சுக்கும் ஏழுக்கும் தயார்னா, இளநிலையை எவ்வளவு மலிவா முடிக்க முடியுமோ அவ்வளவு மலிவா முடிங்க. கடன் வாங்கற சக்தியை மேல்படிப்புக்கு மிச்சம் வைங்க.

நாலு. மூணுக்கு மட்டும்தான் தயார்னா, அதுவும் தப்பில்லை. ஆனா அப்போ முதல் வருஷத்துல இருந்தே போட்டித் தேர்வுக்குத் தயாராகணும். பாடம் பிடிச்ச பாடமா இருக்கட்டும், சோறு தேர்வுல இருந்து வரட்டும். நடுவுல சில வருஷம் சம்பாதிச்சுட்டு, சொந்தக் காசுல முதுகலைக்குப் போறவங்களும் உண்டு. அதையும் ஒரு வழியாப் பேசி வைங்க.

அஞ்சு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே படிச்சு முடிச்சவங்கள்ல எத்தனை பேர் முதுகலைக்குப் போனாங்க, எங்கே போனாங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கற கல்லூரின்னா அதுவே பதில்.

என் முடிவு இதுதான். பி.ஏ. சைக்காலஜி மோசமான படிப்பும் இல்லை, லாட்டரிச் சீட்டும் இல்லை. அது ஒரு பெரிய செலவோட முதல் தவணை. மீதித் தவணை கட்டற எண்ணம் இருந்தா தைரியமாச் சேர்த்துவிடுங்க, நல்ல தொழில், நாட்டுக்கு வேண்டிய தொழில். எண்ணம் இல்லைன்னா, பிள்ளைகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. மூணு வருஷம் கழிச்சு சொல்றதுக்கு இன்னிக்குச் சொல்றது செலவு கம்மி.

உங்க கல்லூரிக் கட்டணத்தைப் போட்டுக் கணக்கு வரலைன்னா பின்னூட்டத்துல கேளுங்க, சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பேர், ஊர், கணக்கு எண் எதுவும் வேண்டாம். தொகையும் வருஷமும் போதும்.